தண்ணீர் கோட்டைத் தொட்டதா இல்லையா? கிராஃபில் அரை பிக்சல் தகராறு

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · இரவு 9.12

வணக்கம். அற்பமான கேள்வியாகத் தெரியலாம். ஆனால் இதனால் எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

வீடு தென்பெண்ணைக்குப் பக்கம். தெருக்கோடியில் ஒரு வடிகால் வாய்க்கால், அதன் கல்வெர்ட் சுவரில் நாங்களே பெயிண்ட் அடித்து அடியிலிருந்து 4 மீட்டர் வரை சென்டிமீட்டர் அளவு போட்டு வைத்திருக்கிறோம். 2.50 மீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால் முதல் வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும், இது 2015 மழையில் பட்டுத் தெரிந்துகொண்டது. ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம், சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து ஆறு நிறைந்து போன 2024 டிசம்பர் தொடக்கத்தில், இரண்டு நாள் மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் எழுதினோம். உச்சம் 2.49. என் கையெழுத்துதான், நோட்டு இன்னும் இருக்கிறது.

அதை இப்போது பைத்தானில் மேட்பிளாட்லிப் என்ற கிராஃப் வரையும் நூலகத்தை வைத்து கிராஃபாகப் போட்டேன். உயரத்தை 0 முதல் 4 மீட்டர் வரை வைத்து, சிவப்புக் கோட்டுக்கு 0.8 பாயிண்ட் தடிமன் கொடுத்தேன், மற்றதெல்லாம் அதுவே வைத்திருக்கும் அளவுகள். படத்தில் உச்சத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடே காணவில்லை, நீலக் கோடு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முதல் வரிசை வீட்டுக்காரர் ஒருவர் "கோட்டைத் தொட்டிருக்கிறது, நோட்டில் குறைத்து எழுதியிருக்கிறாய்" என்கிறார். பக்கத்து மனையை விற்கப் போகிறவர் "தொடவே இல்லை" என்கிறார். நான் நடுவில்.

இன்னொன்று. இந்த வருடம் ஒரு தம்பி சென்சார் மாட்டிக் கொடுத்தான், மணிக்கு ஒரு அளவு தானாக வருகிறது. அதைப் படிக்கட்டு மாதிரி கிராஃபாகப் போட்டால் ஒரு வாரப் படம் நறுக்கென்று இருக்கிறது, ஒரு மாதப் படம் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருக்கிறது. அதே நிரல், தேதி மட்டும்தான் வேறு. ஏன்?

லாஸ்பேட்டை_டிடிபி · புதுச்சேரி · இரவு 9.31

டிபிஐயை, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை, 300 ஆக்குங்கள் சார், கோட்டு விளிம்பை மழுப்பி வழவழப்பாகக் காட்டும் ஆன்டி அலியாசிங்கை அணையுங்கள், முடிந்தது. நாங்கள் கடையில் வருகிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்வோம்.

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · இரவு 9.58

செய்து பார்த்தேன். 300இலும் நீலம் சிவப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, படம்தான் பெரிதாயிற்று. ஆன்டி அலியாசிங்கை அணைத்தால் ஏறுகிற கோடெல்லாம் பல்லுப் பல்லாக, ரம்பம் மாதிரி வருகிறது.

அரை_பிக்சல் · புதுச்சேரி · இரவு 10.40

வரும், வேறெப்படி வரும். அண்ணா, கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்பிளாட்லிப் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 6.4க்கு 4.8 அங்குலம், 100 டிபிஐ என்று எடுத்துக்கொள்ளும். அதாவது 640க்கு 480 பிக்சல். அதில் கிராஃபின் சட்டம் கீழிருந்து 0.11இல் தொடங்கி 0.88இல் முடியும். 480ஐ 0.11ஆல் பெருக்கினால் 52.8. இன்னொன்று 422.4. பார்த்தீர்களா, சட்டத்தின் மேல் கோடும் கீழ்க் கோடும் முழு பிக்சலில் விழவே இல்லை, ஆரம்பமே கோணல். உயரம் 369.6 பிக்சல். அதில் உங்கள் 4 மீட்டரைப் பரப்பினால் ஒரு சென்டிமீட்டருக்கு 0.924 பிக்சல், ஒரு பிக்சல் கூட இல்லை.

2.50 மீட்டர் மேலிருந்து எண்ணினால் 196.2ஆவது இடத்தில் வரும். பிக்சல் என்பது கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 196க்கும் 197க்கும் நடுவில் ஒரு கட்டம், அதன் மையம் 196.5. ஒரு பிக்சல் தடிமன் கோட்டை 196.2இல் வைத்தால் அது 195.7இலிருந்து 196.7 வரை போகும், இரண்டு கட்டங்களில் கால் வைத்து நிற்கும், ஒன்றில் 30 சதவீதம் மற்றதில் 70 சதவீதம் மை. அதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். இது பிடிக்காமல் மென்பொருள் என்ன செய்கிறது என்றால், படுக்கையாகவும் நெட்டாகவும் மட்டும் போகிற கோடுகளைப் பிடித்து அருகில் இருக்கும் கட்டத்தின் மையத்துக்கு இழுத்து ஒட்டிவிடுகிறது. இதற்கு ஸ்னாப் என்று பெயர். உங்கள் சிவப்புக் கோடு 196.2இலிருந்து 196.5க்கு இறங்கியிருக்கும். 0.3 பிக்சல், உங்கள் சுவரில் 3 மில்லிமீட்டர் சொச்சம்.

ஆனால் நீலக் கோடு ஏறி இறங்கிச் சாய்வாகப் போகிறது இல்லையா, அதை ஸ்னாப் தொடாது, கணக்குப்படி எங்கே வரவேண்டுமோ அங்கேயே வரும். ஆக ஒன்றை நகர்த்திவிட்டு ஒன்றை நகர்த்தாமல் விட்டுவிட்டு, இரண்டையும் ஒப்பிடச் சொல்லி நம் கையில் கொடுக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் தடிமன். கோட்டின் தடிமன் பாயிண்டில் இருக்கும், ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட். எதுவும் சொல்லாவிட்டால் 1.5 பாயிண்ட், 100 டிபிஐயில் அது 2.08 பிக்சல். உங்கள் ஸ்கேலில் 2.25 சென்டிமீட்டர் தடி! 2.49இன் மையம் 197.1இல், மேல் விளிம்பு 196.1இல். சிவப்பு 196இலிருந்து 197 வரை இருக்கிறது. அதனால்தான் காணாமல் போனது. உங்கள் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் கீழே நின்றது, உங்கள் பேனா அதைவிடத் தடி.

டிபிஐ ஏற்றினால் தடிமனும் சேர்ந்தே ஏறும், பாயிண்டில் இருப்பதால். 300இலும் அதே 2.25 சென்டிமீட்டர்தான். ஸ்னாப்பின் பிசகு மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். டிடிபி அண்ணன் சொன்ன வைத்தியம் பாதிதான்.

லாஸ்பேட்டை_டிடிபி · புதுச்சேரி · இரவு 10.52

பாதியாவது சரி என்றீர்களே, போதும்.

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · இரவு 11.05

அப்படியென்றால் மென்பொருள் தெரிந்தே கோட்டை நகர்த்துகிறதா? எங்கள் ஆளிடம் போய் "கோடு 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது" என்று சொன்னால் அப்புறம் நோட்டையே நம்பமாட்டாரே.

ஓ.டி._டிராஃப்ட்ஸ்மேன் · கடலூர் முதுநகர் · காலை 6.20

தம்பிகளுக்கு வணக்கம். நான் சாலை, வாய்க்கால் வரைபடங்கள் போட்டே ஓய்வு பெற்றவன். பிக்சல் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, கோடு பற்றித் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் எச்பி 7475ஏ என்று ஒரு பேனா பிளாட்டர் இருந்தது. ஆறு பேனா, ஏ3 தாள். ஒவ்வொரு பேனாவாக வந்து எடுத்து, வரைந்து, கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். அதைப் பார்க்க மற்ற பிரிவு ஆட்கள் டீயோடு வந்து நிற்பார்கள். அதன் நகர்வுக்கு ஒரு அலகு 0.025 மில்லிமீட்டர். பேனா முனையோ 0.3 மில்லிமீட்டர், அதாவது 12 அலகு. இயந்திரம் எவ்வளவு நுணுக்கமாக நகர்ந்தாலும் தாளில் விழுவது 12 அலகு அகல மைதான். வாய்க்கால் நெடுக்குவெட்டு போடும்போது செங்குத்து ஸ்கேல் 1க்கு 100 என்றால், 0.3 மில்லிமீட்டர் கோடு நிலத்தில் 3 சென்டிமீட்டர். உங்கள் தகராறு அன்றைக்கே உண்டு தம்பி, ஒப்பந்தக்காரர் கோட்டின் மேல் விளிம்பில் ஸ்கேலை வைப்பார், இன்ஜினியர் கீழ் விளிம்பில் வைப்பார்.

அதற்கு எங்களிடம் இருந்த வழக்கம் இரண்டுதான். அளவு என்பது கோட்டின் நடுவில். அப்புறம், எந்த இடத்தில் சண்டை வருமோ அந்த இடத்தில் ஆர்.எல். எண்ணை, அதாவது மட்டத்தின் உயரத்தை, கையால் எழுதிவிட வேண்டும். படம் வடிவத்தைக் காட்டத்தான், அளவைச் சொல்ல எண் இருக்கிறது.

நிற்க. டார்ச் வெளிச்சத்தில், ஓடுகிற தண்ணீரில், மழையில் நின்று எடுத்த அளவில் ஒரு சென்டிமீட்டரை யாரால் சத்தியம் பண்ண முடியும்? அலையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆடியிருக்குமே.

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · காலை 7.02

ஐயா, அது உண்மைதான், மறுக்கவில்லை. அலை ஆடியது. ஆனால் நோட்டில் 2.49 என்று இருப்பதைப் படம் 2.50 என்று சொல்லக்கூடாது இல்லையா. பார்த்த கண் தப்பு செய்திருந்தால் அது என் தப்பு. நான் எழுதியதற்கு மேல் ஒரு தப்பைப் படம் தன் பங்குக்குச் சேர்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

அரை_பிக்சல் · புதுச்சேரி · காலை 8.15

டிராஃப்ட்ஸ்மேன் ஐயா பிளாட்டர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கம்ப்யூட்டர் திரையில் கோடு போடப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே பிரசன்ஹாம் முறை, அது திரைக்காகக் கண்டுபிடித்ததே இல்லை. ஐபிஎம்மில் இருந்த ஜாக் பிரசன்ஹாம் 1962இல் கால்காம்ப் பேனா பிளாட்டரை ஓட்டுவதற்காக எழுதினார், கட்டுரை 1965இல் வந்தது. பேனா ஒரு படி வலது, அல்லது ஒரு படி குறுக்காக, இந்த இரண்டில் எது உண்மைக் கோட்டுக்குப் பக்கம் என்று முழு எண் கூட்டலிலேயே முடிவு செய்யும். ஆன்டி அலியாசிங்கை அணைத்தால் உங்களுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அந்தக் காலத்துப் படிக்கட்டுதான். பேனாவில் மை பரவிப் படிக்கட்டை மறைத்துவிடும், 0.025 மில்லிமீட்டர் படி யார் கண்ணுக்குத் தெரியும். திரையில் படி பெரிது, மையும் பரவாது. அதனால் சாம்பல் நிறத்தைப் பரப்பி அதே வேலையைச் செய்கிறார்கள்.

இது அழகுக்கு மட்டும் என்று பலபேர் நினைக்கிறார்கள், தப்பு. சாய்ந்த கோட்டில் ஆன்டி அலியாசிங் இருந்தால்தான் கோடு பிக்சலுக்கு உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது என்ற தகவல் சாம்பல் அடர்த்தியில் தங்கும். அணைத்தால் அரை பிக்சல் வரை தகவல் போய்விடும். அதனால் என் கட்சி: தரவுக் கோட்டுக்கு ஆன்டி அலியாசிங் இருக்கட்டும், அச்சுக்கும் (ஆக்சிஸ்) கட்டக் கோட்டுக்கும் ஸ்னாப் இருக்கட்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டிய இடம் வந்தால் மட்டும் கணக்குப் போட்டு உட்காருங்கள்.

கலங்கரை_மாணவி · புதுச்சேரி · காலை 10.44

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஸ்னாப் நெட்டுக் கோடுகளை முழு கட்டத்துக்கு இழுக்கிறது என்றால், அவற்றுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்காதே? என் ப்ராஜெக்ட்டில் மழையளவு மாதா மாதம் போட்டிருக்கிறேன், நாளுக்கு ஒரு கட்டக் கோடு. அக்டோபர் படம் அச்சடித்த மாதிரி சீராக இருக்கிறது, நவம்பர் படத்தில் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்று நெருங்கின மாதிரி கண்ணை உறுத்துகிறது. கைடு "உன் தேதியில் ஏதோ தப்பு" என்கிறார்.

அரை_பிக்சல் · புதுச்சேரி · காலை 11.20

ஆஹா. அருமையான உதாரணம் கொடுத்தீர்கள், நானே யோசித்ததில்லை.

சட்டத்தின் அகலம் 640இல் 0.775, அதாவது 496 பிக்சல். அக்டோபருக்கு 31 நாள். 496ஐ 31ஆல் வகுத்தால் சரியாக 16, மிச்சமே இல்லை! நவம்பருக்கு 30 நாள், வகுத்தால் 16.53. அரை பிக்சலில் கோடு போட முடியாதே, அதனால் 17, 16, 17, 16 என்று மாற்றி மாற்றி வரும். தேதியில் தப்பில்லை, நவம்பரில் ஒரு நாள் குறைவு, அதுதான் குற்றம். கைடிடம் இந்த வகுத்தலைக் காட்டுங்கள்.

சட்டத்தின் அகலத்தை நீங்களே 480 அல்லது 510 பிக்சலாக வைத்துக்கொண்டால் நவம்பரும் சீராகிவிடும்.

கலங்கரை_மாணவி · புதுச்சேரி · காலை 11.37

480 வைத்தேன், வந்துவிட்டது!! ஒரு வாரமாக பாண்டாஸ் (பைத்தானில் தரவைக் கையாளும் நூலகம்) தேதி விஷயத்தில் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · மதியம் 1.15

மகிழ்ச்சி. என் இரண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். வாரம் பளிச், மாதம் மங்கல். படிக்கட்டு கிராஃபில் எல்லாக் கோடும் படுக்கை அல்லது நெட்டுதான், சாய்வே கிடையாது. ஸ்னாப் ஆகத்தானே வேண்டும்?

அரை_பிக்சல் · புதுச்சேரி · மதியம் 2.50

மறக்கவில்லை அண்ணா, மூலநிரலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வந்தேன். மேட்பிளாட்லிப் பிஎன்ஜி வரைய அக் என்ற சி++ நூலகத்தைப் பயன்படுத்துகிறது, ஆன்டி கிரெயின் ஜியாமெட்ரி என்பதன் சுருக்கம். ஸ்னாப் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் முதல் வரியிலேயே ஒரு கேள்வி: இந்தக் கோட்டில் 1024 முனைகளுக்கு (துண்டுகள் சேரும் புள்ளிகளுக்கு) மேல் இருக்கிறதா? இருந்தால் பார்க்கவே வேண்டாம், ஸ்னாப் கிடையாது. இல்லையென்றால்தான் ஒவ்வொரு துண்டாகப் போய் சாய்வு இருக்கிறதா என்று சோதிக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகளை வரிசையாகச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று வைத்த வரம்பாக இருக்கும்.

ஒரு வாரம் 168 மணி. படிக்கட்டில் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு முனை, ஒன்று குறைய: 335. ஸ்னாப் ஆகும். நவம்பர் மாதம் 720 மணி, 1439 முனை. 1024ஐத் தாண்டிவிட்டது, ஆகாது. 512 மணி வரைக்கும் பளிச்சென்று இருக்கும், 513இல் மங்கும். 21 நாள் 8 மணி நேரம்!

தீர்வு சுலபம், அந்தக் கோட்டுக்கு செட் ஸ்னாப் என்று கூப்பிட்டு ட்ரூ கொடுங்கள், வரம்பைக் கேட்காமல் ஒட்டிவிடும். ஆனால் சாய்வான கோட்டுக்கு இதைச் செய்துவிடாதீர்கள், ஒவ்வொரு முனையும் தனித்தனியாக இழுபட்டுக் கோடு நெளியும்.

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · மதியம் 3.08

513 மணி போட்டுப் பார்த்தேன். மங்குகிறது. 512 போட்டேன், பளிச். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. செட் ஸ்னாப் போட்டதும் மாதம் முழுக்கத் தெளிந்துவிட்டது.

லாஸ்பேட்டை_டிடிபி · புதுச்சேரி · மாலை 4.25

நான் ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். இதெல்லாம் பிஎன்ஜியில்தானே, பிடிஎஃப் எடுத்தால் பிக்சலே கிடையாது, ஸ்னாப்பும் கிடையாது, எங்கள் 600 டிபிஐ லேசரில் 0.8 பாயிண்ட் கோடு ஆறேழு புள்ளி அகலத்துக்கு வரும், கால் பிக்சல் சண்டைக்கு வேலையில்லை. பிஎன்ஜியை வேர்டில் ஒட்டிக் கொண்டுவருவார்கள் பாருங்கள், அதில்தான் எங்களுக்கு உயிர் போகும். வேர்டு அதுவாகவே படத்தை 220 பிபிஐக்குக் குறைத்துச் சேமித்துவிடும், ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு போய் படத்தைச் சுருக்க வேண்டாம் என்று டிக் போட வேண்டும், அது யாருக்கும் தெரியாது. வீட்டில் பளிச்சென்று இருந்தது, உங்கள் கடை பிரிண்டர்தான் சரியில்லை என்று எங்கள் மேல் பழி.

பிடிஎஃப்பிலும் ஒரு ஏமாற்று உண்டு. அக்ரோபேட்டில் மெல்லிய கோடுகளைத் தடிப்பாகக் காட்டும் ஒரு அமைப்பு இருக்கிறது, என்ஹான்ஸ் தின் லைன்ஸ் என்று. அது ஓடினால் 0.25 பாயிண்ட் கோடெல்லாம் திரையில் குண்டாகத் தெரியும், பிரிண்டில் ஒல்லியாக வரும். திரையைப் பார்த்துத் தடிமனை முடிவு செய்யாதீர்கள்.

எனக்கும் ஒரு கேள்வி. வண்ண மழை வரைபடம், கட்டம் கட்டமாக நிறம் அடித்தது, பிடிஎஃப்பில் கட்டங்களுக்கு நடுவே மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு தெரிகிறது. பெரிதாக்கினாலும் அதே தடிமன்.

அரை_பிக்சல் · புதுச்சேரி · மாலை 5.10

உங்களை யார் திட்டப் போகிறார்கள், நீங்கள் சொன்னது அத்தனையும் சரி.

வெள்ளைக் கோடு இப்படி வருகிறது. இரண்டு நீலக் கட்டம் ஒரு பிக்சலின் நடுவில் சந்திக்கின்றன. முதல் கட்டம் அந்தப் பிக்சலில் பாதியை மூடும், மிச்சம் பாதி தாளின் வெள்ளை. அடுத்த கட்டமும் பாதியை மூடும், ஆனால் வரைகிற நிரலுக்கு அது எந்தப் பாதி என்று தெரியாது, மிச்சமிருக்கும் வெள்ளையில் பாதியைத்தான் மூடுகிறது. பாதியில் பாதி, 25 சதவீத வெள்ளை தங்கிவிடும். முழுதாக மூடியிருக்க வேண்டிய இடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் விளிம்பு நிறத்தை உள் நிறமாகவே வைத்தால் மறையும், அல்லது அந்தப் பகுதியை மட்டும் ராஸ்டராக, அதாவது பிக்சல் படமாக ஆக்கிவிடுங்கள். அச்சில் பெரும்பாலும் தெரியாது, திரையில்தான் இந்தத் தொல்லை.

கலங்கரை_மாணவி · புதுச்சேரி · மாலை 6.33

கிராஃபின் அச்சுக்கு (ஆக்சிஸுக்கு) தமிழில் பெயர் போட்டவர்கள் யாராவது உண்டா? "செ.மீ." என்று போட்டால் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது எனக்கு.

அரை_பிக்சல் · புதுச்சேரி · மாலை 6.50

உங்களிடம் இருக்கும் மேட்பிளாட்லிப் பதிப்பு எழுத்துகளை வரிசையாக அடுக்கிவைக்கும், இந்திய மொழிகளுக்கான கோர்ப்பு வேலையைச் செய்யாது, அதுதான் காரணம். எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப் பின்தளத்தை, எழுத்துகளைக் கோர்க்கும் ராக்ம் நூலகத்தோடு நிறுவினால் கொம்பு முன்னால் வரும். இல்லையென்றால் எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவத்தில் எழுத்தை எழுத்தாகவே சேமித்து பிரவுசரில் திறவுங்கள், பிரவுசருக்குத் தமிழ் தெரியும். இது வேறு கதை, தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · இரவு 9.45

சரி, இன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தப்பிருந்தால் சொல்லுங்கள்.

படம் 8க்கு 10 அங்குலம், 100 டிபிஐ, 800க்கு 1000 பிக்சல். சட்டத்தை நானே வைத்தேன்: கீழே 0.1, உயரம் 0.8. ஆக 4 மீட்டருக்கு 800 பிக்சல், ஒரு சென்டிமீட்டருக்கு சரியாக 2. இடது பக்கம் 0.08, அகலம் 0.9, ஆக 720 பிக்சல், 48 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 15. எதிலும் புள்ளிக்குப் பின்னால் எண் கிடையாது. 2.50 மேலிருந்து சரியாக 400இல்.

முதலில் சிவப்புக் கோட்டை ஒரு பிக்சலாக வைக்க 0.72 பாயிண்ட் கொடுத்தேன். நுணுக்கமாக இருக்கட்டும் என்று. பெரிதாக்கிப் பார்த்தால் கோடு 400இலிருந்து 401 வரை நிற்கிறது, அரைப் பிக்சல் கீழே இறங்கிவிட்டது! இவ்வளவு கணக்குப் போட்டும். அப்புறம்தான் மண்டையில் ஏறியது, ஒரு பிக்சல் கோட்டின் நடு எப்போதும் கட்டத்தின் மையத்தில்தான் வரமுடியும், 400 என்பது இரண்டு கட்டத்துக்கு நடுவே உள்ள எல்லை. எல்லையில் நடு வர வேண்டுமென்றால் கோடு இரட்டைப்படைப் பிக்சலாக இருக்க வேண்டும். 1.44 பாயிண்ட், இரண்டு பிக்சல் வைத்தேன். 399இலிருந்து 401. நடு 400. ஒரு நூல் நகரவில்லை. கோட்டைத் தடியாக்கினதால் துல்லியம் கூடியது, இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்!

நீலமும் 1.44தான். 2.49இன் நடு 402, விளிம்பு 401. சிவப்பின் கீழ் விளிம்பும் 401. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கின்றன, ஏறவில்லை. 2.48 வந்த மணியில் நடுவே இரண்டு பிக்சல் வெள்ளை தெரிகிறது.

முதல் தடவை சேமித்தபோது 800க்கு 1000 வரவே இல்லை, வேறு ஏதோ அளவு வந்தது. ஓரத்தை ஒட்ட வெட்டும் டைட் அமைப்பு என் பழைய நிரலில் கிடந்திருக்கிறது, அதை எடுத்ததும் சரியாயிற்று.

அரை_பிக்சல் · புதுச்சேரி · இரவு 10.02

தப்பே இல்லை. ஜூப்பிட்டரில் (நிரலையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் நோட்டுப் புத்தக மென்பொருள்) ஓட்டுகிறவர்களுக்கு: அதன் நோட்டுப் புத்தகத்துக்குள் தெரியும் படத்தை அது கேட்காமலே டைட்டாக வெட்டிவிடும், அங்கே பார்த்து பிக்சல் எண்ணாதீர்கள், தனியாகச் சேமித்த கோப்பைத் திறந்து எண்ணுங்கள். அண்ணா சொன்ன ஒற்றைப்படை இரட்டைப்படை விஷயம் பிரவுசர் கேன்வாஸிலும் (வலைப்பக்கத்தில் படம் வரையும் பரப்பு) அப்படியே உண்டு, அங்கே ஒரு பிக்சல் கோட்டுக்கு ஆயத்தொலைவோடு 0.5 கூட்டுவது எங்கள் வேலையில் கைப்பழக்கம். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொரு எச்சரிக்கை. பார்க்கிறவர் லேப்டாப்பில் விண்டோஸ் 125 சதவீதத்தில் ஓடினால், பிரவுசரில் உங்கள் 800 பிக்சல் 1000 ஆக இழுபடும், நான்கு பிக்சல் ஐந்தாகும், இவ்வளவு கஷ்டப்பட்டதும் போயிற்று. படத்தை 100 சதவீதத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓ.டி._டிராஃப்ட்ஸ்மேன் · கடலூர் முதுநகர் · காலை 6.05

நல்ல வேலை தம்பி. உச்சத்துக்குப் பக்கத்தில் 2.49 என்று எண்ணை எழுதினீர்களா?

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · காலை 7.30

எழுதினேன் ஐயா, தடித்த எழுத்தில். நோட்டுப் பக்கத்தின் போட்டோவையும் கீழே ஒட்டினேன். இரவே குழுவில் போட்டேன்.

லாஸ்பேட்டை_டிடிபி · புதுச்சேரி · காலை 9.10

என்ன சொன்னார்கள்?

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · காலை 9.41

மனை விற்கிறவர் கட்டைவிரல் போட்டார். முதல் வரிசைக்காரர் படத்தை விரலால் பெரிதாக்கி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறார், சிவப்பும் நீலமும் கலந்து நடுவில் ஊதா நிறமாக ஒரு பட்டை, "இதோ கலந்திருக்கிறதே" என்று. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக்கி அனுப்பியிருக்கிறது.

லாஸ்பேட்டை_டிடிபி · புதுச்சேரி · காலை 9.44

டாக்குமென்ட்டாக அனுப்பியிருக்க வேண்டும் சார். இதையும் கடையில் எல்லாருக்கும் சொல்வோம்.

வாய்க்கால்_ஓரம் · கடலூர் · காலை 10.20

அனுப்பிவிட்டேன். இப்போது அவர் கேட்பது, கல்வெர்ட்டில் சிவப்புப் பெயிண்ட் கோடு எத்தனை சென்டிமீட்டர் தடிமன், 2.50 என்பது அதன் மேல் விளிம்பா கீழ் விளிம்பா என்று. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நான்கு.

ஓ.டி._டிராஃப்ட்ஸ்மேன் · கடலூர் முதுநகர் · காலை 10.31

நடு, தம்பி. நடு.